கதவைத் திறந்தவள்

2019ஆம் ஆண்டில் இங்கிலாந்து, வேல்ஸ் நீதிமன்றங்கள் பெண்களுக்கு எதிராக அளித்த குற்றத் தீர்ப்புகளை எல்லாம் ஒன்றாகக் கூட்டினால், அவற்றில் 30 சதவீதம் ஒரே குற்றத்துக்கானவை. திருட்டையும் அடிதடியையும் பின்னுக்குத் தள்ளி முதலிடத்தில் நிற்கும் அந்தக் குற்றம், லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் டிவி பார்த்தது. ஆண்களுக்கு எதிரான தீர்ப்புகளில் இதே குற்றத்தின் பங்கு 4 சதவீதம். இந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்களில் 74 சதவீதம் பேர் பெண்கள். பிரிட்டனின் நீதி அமைச்சகம் வெளியிட்ட கணக்கு இது.

முதுகலை வகுப்பில் இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதியபோது ஒரு மாணவி, “அங்கேயும் பொம்பளைங்கதான் நாள் பூரா டிவி பாக்கிறாங்களா மேடம்?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் அந்தக் கேள்விக்குள் எத்தனை காலத்துப் பழக்கம் இருக்கிறது என்று உறைத்தது. ஐந்து நாள் கிரிக்கெட் பார்க்கிற ஆணை நாம் ரசிகன் என்கிறோம். அரை மணி நேரம் சீரியல் பார்க்கிற பெண்ணைச் சொல்லச் சொன்னால் நம் குரலிலேயே ஓர் இளக்காரம் வந்துவிடுகிறது. குற்றக் கணக்கில் பெண் அதிகமாக இருந்தால் அவள்தான் அதிகமாகப் பார்த்திருப்பாள் என்று மனம் தானாக முடிவுகட்டுகிறது. அன்று நான் சொன்ன பதில் அரைகுறையானது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கட்டணம் எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். 1922இல் வானொலிக்கான 10 ஷில்லிங் கட்டணமாகத் தொடங்கியது. 1946இல் தொலைக்காட்சியும் சேர்ந்து 2 பவுண்டு ஆயிற்று. 1971இல் வானொலிக்கான தனி லைசென்ஸ் ஒழிந்தது, டிவிக்கானது தொடர்ந்தது. 2019இல் ஆண்டுக்கு 154.50 பவுண்டாக இருந்தது 2025 ஏப்ரலில் 174.50 பவுண்டு. இந்தப் பணத்தில்தான் பிபிசி நடக்கிறது. ஆனால் பிபிசியைப் பார்க்காதவரும் கட்ட வேண்டும். எந்தச் சேனலையும் அது ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்த்தால் லைசென்ஸ் தேவை. 2016 செப்டம்பரிலிருந்து பிபிசியின் ஐபிளேயரில் பழைய நிகழ்ச்சி பார்க்கவும் தேவை.

லைசென்ஸ் என்பதை நாம் ‘உரிமம்’ என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். உரிமையின் வாசனை அடிக்கிற சொல். அங்கே அது அனுமதிச் சீட்டு. சீட்டு இல்லாமல் பார்த்தால் குற்றம்.

வீட்டுக்கு ஒரு லைசென்ஸ். நான்கு பேர் சம்பாதிக்கிற, ஆறு அறைகளிலும் டிவி இருக்கிற வீட்டுக்கும் அதே கட்டணம், இரண்டு குழந்தைகளோடு பகுதிநேர வேலை பார்க்கிற ஒற்றைத் தாயின் வீட்டுக்கும் அதே கட்டணம். ஒரே கட்டடத்தில் தனித்தனி ஒப்பந்தத்தில் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் தனித்தனியாகக் கட்ட வேண்டியும் வரும். கூட்டாக இருப்பவர்களுக்கு மலிவு, தனியாக இருப்பவளுக்கு விலை அதிகம். மாதத் தவணையில் கட்டலாம் என்றாலும், வழக்கமான தவணை முறையில் புதிதாகச் சேர்கிறவர் முதல் ஆண்டுக் கட்டணத்தை ஆறே மாதத்தில் கட்டி முடிக்க வேண்டும் என்பதுதான் நீண்டகால ஏற்பாடாக இருந்தது. கையில் காசில்லாதவருக்கு இரட்டைத் தவணை. பின்னாளில் சிரமப்படுகிறவர்களுக்கென்று சிறு தவணைத் திட்டம் ஒன்று வந்தது.

பணக்கார வீட்டில் டிவி பொழுதுபோக்கு. ஆள் வைத்துக்கொள்ள முடியாத ஒற்றைத் தாயின் வீட்டில் அது ஆயா. அவள் சமைத்து முடிக்கிற அரைமணி நேரம் பிள்ளையை ஓரிடத்தில் உட்கார வைப்பது பிபிசியின் குழந்தைகள் சேனலான சிபீபீஸ்தான். அந்த வீட்டில் டிவி ஆடம்பரம் என்று சொல்கிறவர் அந்த அரைமணி நேரத்தைத் தனியாகச் சமாளித்துப் பார்த்தவராக இருக்க மாட்டார்.

இதுவரை சொன்னது ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே தொகை என்ற பழைய அநியாயம். இந்த ஒன்றுக்காக மட்டும் நான் இவ்வளவு எழுதமாட்டேன். உப்பு வரியிலிருந்து பெட்ரோல் விலை வரை நமக்கு அது பழக்கம்தான். ஏழைகளில் பெண்கள் அதிகம் என்று சொன்னாலும், 74க்கு 26 என்ற விகிதத்தை அது மட்டும் விளக்கிவிடாது. அதற்குக் கட்டணத்தை விட்டுவிட்டு, கட்டணம் கட்டாத வீட்டுக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

2003ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் தொலைக்காட்சிப் பெட்டியை நிறுவுவதும் பயன்படுத்துவதும் குற்றம் என்கிறது. 1000 பவுண்டு வரை அபராதம். சிறைத் தண்டனை கிடையாது. ஆனால் அபராதத்தைக் கட்டத் தவறினால் சிறை வரை போகலாம். கட்டணம் வீட்டின்மீது இருக்கிறது. குற்றத்தையோ ஒரு வீடு செய்ய முடியாது, ஓர் ஆள்தான் செய்ய வேண்டும். அந்த ஆள் யார்?

லைசென்ஸ் இல்லாத முகவரிக்கு முதலில் கடிதங்கள் வரும். உறையில் பெயர் இருக்காது, ‘சட்டப்படி குடியிருப்பவர்’ என்று இருக்கும். பிறகு ஒருநாள் அதிகாரி வந்து கதவைத் தட்டுவார். நீதிமன்ற ஆணை இல்லாமல் உள்ளே நுழைய அவருக்கு அதிகாரம் இல்லை. கதவைத் திறந்த பெரியவரிடம் வாசலில் நின்றே கேள்வி கேட்பார்: டிவி இருக்கிறதா, யார் பார்க்கிறீர்கள், கடைசியாக என்ன பார்த்தீர்கள், லைசென்ஸ் எங்கே. பதில்களைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். பெரும்பாலான வழக்குகளில் அந்தப் படிவம்தான் முக்கியச் சாட்சியம். அந்த நிமிடத்தில், பெயரில்லாத ‘குடியிருப்பவர்’ ஒரு பெயரும் கையெழுத்தும் உள்ள ஆளாக மாறுகிறார். வீட்டில் நான்கு பேர் பார்த்திருக்கலாம். பெட்டியை வாங்கி மாட்டியது வேறு ஆளாக இருக்கலாம். லைசென்ஸ் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கட்டாமல் விட்டது இன்னொருவராக இருக்கலாம். வழக்கு, கதவைத் திறந்து பதில் சொன்னவர்மீது.

“திறக்காமலே இருந்திருந்தா?” என்று வகுப்பில் இன்னொருத்தி கேட்டாள். பெரும்பாலும் வழக்கு நின்றிருக்காது. பேசாதவர்மீது சாட்சியம் இல்லை. ஒத்துழைத்தவள் மாட்டிக்கொள்கிறாள். வாசலில் வந்தவரை நிற்கவைத்துக் கதவைச் சாத்துவது மரியாதையில்லை, கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், பொய் சொல்லக்கூடாது என்றெல்லாம் பெண்களைப் பழக்குகிறோமே, நல்ல குணம் என்று பெயர் வைத்து வளர்த்த அத்தனையும் அந்தப் படிவத்தில் ஒப்புதல் வாக்குமூலமாகப் பதிவாகிறது.

நான் மிகைப்படுத்தவில்லை. ஏன் இத்தனை பெண்கள் என்று கட்டணத்தை வசூலிக்கும் டிவி லைசென்சிங் அமைப்பே 2017இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அதில் சொன்ன காரணங்கள் இவைதாம். அதிகாரி வரும்போது வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கதவைத் திறந்து அதிகாரியிடம் பேச முன்வருகிறவர்களும் பெண்களே அதிகம். பெண் ஒருத்தியே பெரியவளாக இருக்கும் வீடுகள் அதிகம். இப்படிச் சொல்லிவிட்டு அறிக்கை முடிவுக்கு வருகிறது: பெண்களைக் குறிவைத்து நடவடிக்கை எடுக்கப்படுவதாகச் சான்று இல்லை, காரணங்கள் சமூகத்தில் இருக்கின்றன.

பாடம் நடத்துகிறவள் என்பதால் எனக்கு இப்படிப்பட்ட அறிக்கைகளைப் பிரதியாக வாசிக்கும் பழக்கம் உண்டு. இந்தப் பிரதி மிகத் திறமையானது. பெண் ஏன் பகலில் வீட்டில் இருக்கிறாள்? குழந்தையையும் முதியவரையும் பார்த்துக்கொள்கிற, கூலியில்லாத வேலை அவளுடையதாக இருப்பதால். ஏன் அவள் தனியாகப் பிள்ளை வளர்க்கிறாள்? பிரிந்து போன ஆண் பிள்ளையை அவளிடம் விட்டுப் போனதால். அறிக்கைக்கு இவை தெரியாமல் இல்லை. தெரிந்தே, அவற்றை வானிலைபோல, யாரும் செய்யாத ஒன்றாக வைத்துக்கொள்கிறது. ‘சமூகக் காரணங்கள்’ என்ற சொற்றொடரில் எழுவாயே இல்லை. வலை விரித்தவர், குறிப்பிட்ட மீனைப் பிடிக்கும் எண்ணம் எனக்கு இல்லை, மீன் அந்தப் பக்கமாக நீந்தியது என்று சொல்வதைப் போன்றது இது. நோக்கம் இல்லை என்பதை நான் நம்புகிறேன். பத்துக்கு ஏழுக்கும் மேல் பெண்கள் என்ற விகிதம் ஆண்டுக்கு ஆண்டு கண்ணெதிரே இருக்கும்போது, நோக்கம் இல்லை என்பது எத்தனை நாளைக்குப் பதிலாகும்?

வாசலுக்குப் பிறகு நீதிமன்றம். அங்கே அவள் போக வேண்டியதுகூட இல்லை. 2015இல் ‘ஒற்றை நீதிபதி நடைமுறை’ என்று ஒன்றைச் சட்டமாக்கினார்கள். ஒரு மாஜிஸ்திரேட், அவருக்கு ஒரு சட்ட ஆலோசகர், மேசைமேல் காகிதங்கள். பொதுமக்கள் உட்காரும் நீதிமன்ற அறை கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கடிதம் வரும், 21 நாளுக்குள் பதில் எழுத வேண்டும். பெரும்பாலோர் எழுதுவதில்லை. பயத்தில் உறையைப் பிரிக்காமல் வைப்பவர்கள், முகவரி மாறியவர்கள், ஆங்கிலம் வராதவர்கள். அவர்களுக்கும் தீர்ப்பு வந்துவிடும். பதில் எழுதியவர்களின் கடிதங்களை லண்டன் ஸ்டாண்டர்டின் நீதிமன்ற நிருபர் டிரிஸ்டன் கிர்க் பல ஆண்டுகளாகத் தேடி எடுத்து எழுதிவருகிறார். டிவி வழக்குகளில் மட்டும் அல்ல, இந்த நடைமுறையில் வரும் பல வகை வழக்குகளிலும். நோய், வேலையிழப்பு, மரணம், மனச்சிதைவு என்று சொல்லி எழுதப்பட்ட கடிதங்கள். வழக்குப் போட்டவர்கள் அவற்றைப் படிக்காமலேயே தீர்ப்பு வந்துவிடக்கூடிய ஏற்பாடு இது.

அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுதிப் பழகியவர்களுக்கு அந்தக் கடிதங்களின் தொனி தெரியும். நம் ஊரில் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக்கொடுப்பவரிடம் உட்கார்ந்து சொல்கிற பெண்களின் தொனி. முதலில் மன்னிப்பு, பிறகு நோய், பிறகு பிள்ளைகளின் வயது. தன் வாழ்க்கையைத் தொகுத்துச் சொல்லும் வாய்ப்பு சில பெண்களுக்கு இந்த மாதிரிக் காகிதத்தில்தான் கிடைக்கிறது. அதையும் யாரும் படிப்பதில்லை என்றால், எழுத்தின்மேல் நம்பிக்கை வைத்து வாழ்கிற என்னைப் போன்றவளுக்கு அது அபராதத்தைவிடக் கொடுமையாகப் படுகிறது.

‘வீடு’ என்ற அலகுக்குத் திரும்புகிறேன், என் மனத்தாங்கல் அதன்மேல்தான். பிரிட்டனில் 1990 ஏப்ரல் வரை வருமான வரிக் கணக்கில், பொதுவான விதியாக, மனைவியின் வருமானம் கணவனின் வருமானத்தோடு சேர்க்கப்பட்டது. கணக்குக் காட்ட வேண்டியவர் கணவர். அப்போது வீடு என்றால் ஆண். அதே நாட்டில் டிவி குற்றக் கணக்கில் வீடு என்றால் பெண். சம்பாத்தியத்தை எண்ணும்போது காணாமல் போகிறவள், தண்டத்தை எண்ணும்போது வாசலில் வந்து நிற்கிறாள். நம் மொழிக்கு இது புதிதில்லை. இல்லாள், மனைவி, மனையாள், இல்லத்தரசி என்று வீட்டை வைத்தே அவளுக்குப் பெயர் வைத்தோம். வீட்டுப் பத்திரம் யார் பெயரில் என்று கேட்டால்தான் பேச்சு மாறும்.

இந்தியாவிலும் வானொலிக்கும் டிவிக்கும் லைசென்ஸ் இருந்தது, காலனிய வழியில் வந்த ஏற்பாடு; 1980களின் நடுவில் ஒழிந்தது. தபால் நிலையத்தில் கட்டிப் புதுப்பிக்க வேண்டிய சிறு புத்தகம் ஒன்று என் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அவர் பெயர், அவர் கையெழுத்து. வானொலி கேட்டவர் ஆச்சி. அடுக்களையிலிருந்து கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைப்பார் என்று அம்மா சொல்வார். கேட்டவருக்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை. ஏதாவது சிக்கல் என்று ஆள் வந்திருந்தால் பகலில் வாசலுக்கு வந்திருக்கக்கூடியவர் ஆச்சிதான்.

இந்தப் பணத்தை வாங்கும் நிறுவனம் பெண்களுக்கு என்ன கொடுத்தது என்றும் கேட்க வேண்டும். 1946 அக்டோபரில் பிபிசி வானொலியில் ‘உமன்ஸ் அவர்’ தொடங்கியது. பெண்களுக்கான அந்த நிகழ்ச்சியை முதலில் தொகுத்து வழங்கியவர் ஓர் ஆண், ஆலன் ஐவிமி. அந்தத் தொடக்கத்தைத் தாண்டி அது பெண்களின் உடல்நலம், கூலி, திருமணம் எல்லாவற்றையும் பேசிய பெரிய மேடையாக வளர்ந்தது, இன்றும் ஒலிபரப்பாகிறது. வானொலி என்பதால் அதைக் கேட்க லைசென்ஸும் வேண்டாம். 2017 ஜூலையில், ஆண்டுக்கு 1,50,000 பவுண்டுக்கு மேல் ஊதியம் பெறும் தன் முகங்களின் பட்டியலை பிபிசி வெளியிட வேண்டி வந்தது. சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள், முதல் ஏழு இடமும் ஆண்களுக்கே. 2018 ஜனவரியில் சீனப் பகுதி ஆசிரியர் கேரி கிரேசி, தன்னைப் போன்ற பொறுப்பில் இருந்த ஆண்களுக்கு அதிகம் தரப்படுகிறது என்று சொல்லிப் பதவி விலகினார். 2020 ஜனவரியில் சமீரா அகமது தீர்ப்பாயத்தில் வென்றார். அவருக்கு ‘நியூஸ்வாட்ச்’ ஒரு நிகழ்ச்சிக்கு 440 பவுண்டு. அதற்கு இணையானதாக அவர் காட்டிய நிகழ்ச்சிக்கு ஜெரமி வைன் பெற்றது 3000 பவுண்டு. கட்டாததற்காகத் தண்டிக்கப்பட்ட பெண்களின் கணக்கையும் இந்தக் கணக்கையும் ஒன்றாக வைத்துப் பேசியவர்கள் குறைவு. முன்னதை ஏழைகள் பிரச்சினை என்றும், பின்னதைப் படித்த பெண்கள் பிரச்சினை என்றும் பிரித்துவிட்டோம். இரண்டிலும் ஓடுவது ஒரே பணம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாவம் ஏழைப் பெண்கள், இந்தக் கட்டணத்தையே ஒழியுங்கள் என்று உரக்கப் பேசுகிறவர்களில் பலர், அந்தப் பெண்களின் உதவித்தொகையை வெட்டியபோது பேசாதவர்கள். பிபிசியின் செய்தி தங்களுக்குச் சாதகமாக இல்லை என்ற எரிச்சல் அவர்களுக்கு. 2020 பிப்ரவரியில் போரிஸ் ஜான்சன் அரசு, லைசென்ஸ் குற்றத்தைக் குற்றவியல் சட்டத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று கருத்துக் கேட்டது. 2021 ஜனவரியில் இப்போதைக்கு இல்லை என்று நிறுத்திவைத்தது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பெண்கள் பிபிசியை மிரட்டும் கம்பாகப் பயன்பட்டார்கள். நம் பெயரைச் சொல்லி நமக்கு வேண்டாததைச் செய்கிறவர்களை அடையாளம் காணும் பயிற்சி பெண்ணியத்துக்கு இருக்க வேண்டும்.

குற்றம் என்பதை எடுத்துவிட்டுக் கடன் பாக்கி ஆக்கினால் போதுமே என்ற வாதத்திலும் சிக்கல் உண்டு. கடன் வசூலிக்க ஜப்தி ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கும் யாராவது கதவைத் திறக்க வேண்டும். இதை பிபிசி தரப்பே சொன்னது, அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் ஸ்காட்லாந்தைப் பாருங்கள். அதே கட்டணம், அதே சட்டம். அங்கே இந்த விவகாரங்கள் பெரும்பாலும் நீதிமன்றப் படி ஏறாமலேயே முடிகின்றன. பிபிசி மூழ்கிப்போகவில்லை.

முதியவர்கள் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2000இலிருந்து 75 வயது கடந்தவர்களுக்கு அரசு செலவில் இலவச லைசென்ஸ். பிறகு அரசு அந்தச் செலவை பிபிசியின் தலையில் கட்டியது. 2020 ஆகஸ்டிலிருந்து, பென்ஷன் கிரெடிட் என்ற உதவித்தொகை பெறும் வீடுகளுக்கு மட்டும் இலவசம். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத முதியவர்கள் அந்த நாட்டில் ஏராளம். தனியாக வாழும் 75 வயது கடந்தவர்களில் பெண்கள் அதிகம் என்பதைச் சொல்ல ஆய்வறிக்கை வேண்டியதில்லை. அரசு செய்ய வேண்டிய நலப்பணியை ஒளிபரப்பு நிறுவனத்திடம் தள்ளியதில் அடிபட்டது யார் என்று பார்த்தால் போதும்.

வேறு வழி இல்லாமலா? ஜெர்மனி 2013இல் டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குடியிருப்பும் கட்ட வேண்டும் என்று மாற்றியது. டிவி இருக்கிறதா என்று வாசலில் வந்து விசாரிக்கத் தேவையில்லை, அரசு உதவி பெறுகிறவர்கள் விலக்குக் கேட்கலாம். ஆனால் அங்கும் அலகு வீடுதான், தனித்து வாழ்கிறவள் நான்கு பேரின் தொகையை ஒருத்தியாகக் கட்டுகிறாள். பிரான்ஸ் குடியிருப்பு வரியோடு சேர்த்து வாங்கி, 2022இல் கட்டணத்தையே ஒழித்தது. பின்லாந்து 2013இலும் ஸ்வீடன் 2019இலும் செய்ததுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. வீட்டை விட்டுவிட்டு ஆளை எடுத்துக்கொண்டார்கள். ஸ்வீடனில் 18 வயது கடந்த ஒவ்வொருவரும் தன் வரிக்குரிய வருமானத்தில் 1 சதவீதம், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு. வருமானம் இல்லாதவர் ஒன்றும் கட்ட வேண்டாம். வரியோடு போய்விடுவதால் வாசலில் யாரும் வருவதில்லை. கணவனையும் மனைவியையும் வரிக்காகத் தனித்தனி ஆளாக எண்ண ஸ்வீடன் 1971இலேயே தொடங்கிவிட்டது என்பதை இதோடு சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டணமே வேண்டாம், விளம்பரம் போதும் என்பவர்களுக்கு நம் வீட்டு டிவியைக் காட்டலாம். லைசென்ஸ் ஒழிந்தது; தூர்தர்ஷன் அரசின் கையை எதிர்பார்த்தபடி இருக்கிறது; தனியார் சேனல்கள் மாலை ஆறிலிருந்து பத்து வரை பெண்களின் நேரத்தைச் சோப்புக் கம்பெனிகளுக்கு விற்கின்றன. 2006க்குப் பிறகு தமிழ்நாட்டில் பெட்டியும் இலவசமாக வந்தது. நாம் காசு கட்டவில்லை என்பது உண்மைதான். மாமியாரும் மருமகளும் ஒருவருக்கொருவர் விஷம் வைத்துக்கொள்ளும் கதைகளை முப்பது ஆண்டுகளாகப் பார்த்துக் கட்டினோம். அதனால் பொது ஒளிபரப்புக்குப் பொதுப் பணம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதிலும் தமிழர்களாகிய நமக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசையை யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில், மின்சாரமும் பேட்டரியும் இல்லாதபோது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றிக் கேட்டார்கள். அந்தக் காலத்தில் உலகச் சேவைக்கான பணத்தை பிரிட்டனின் வெளியுறவுத் துறை கொடுத்தது. 2014 ஏப்ரலிலிருந்து அந்தச் செலவு லைசென்ஸ் கட்டணத்தின்மேல் வந்தது. சில ஆண்டுகளில் அரசு மானியமும் மீண்டும் சேர்ந்துகொண்டது. தமிழோசை வானொலி 2017இல் நின்றபோது நாம் வருந்தி எழுதினோம், நானும் எழுதினேன். கடைசி மூன்று ஆண்டு அதை நடத்திய பணத்தில் ஒரு பகுதி, 1000 பவுண்டு அபராதத்துக்குப் பயந்து ஆறு மாதத் தவணையில் கட்டிய பெண்களுடையது என்பது அப்போது எனக்குத் தெரியாது. இன்றும் கைபேசியில் பிபிசி தமிழைப் படிக்கிறேன், எனக்கு லைசென்ஸ் தேவையில்லை.

பிபிசியின் இப்போதைய அரச சாசனம் 2027 டிசம்பர் 31 அன்று முடிகிறது. அதற்குப் பிறகு பணம் எங்கிருந்து வர வேண்டும் என்ற விவாதம் அங்கே நடக்கிறது. சந்தா, விளம்பரம், வரி, இப்போதுள்ளபடியே தொடர்வது என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள். எவ்வளவு என்பதைப் பற்றி நிறையப் பேச்சு. வீட்டை எண்ணுவதா ஆளை எண்ணுவதா என்பதைப் பற்றி, நான் படித்த அளவில், மிகக் குறைவு.